இன ஒதுக்கீட்டு இடங்களை நீக்கித் தேர்தல் நடத்துவது எப்படி: மொரிஷியஸின் 8 இடங்களும் அவற்றின் கணக்கும்

மொரிஷியஸ் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பவர் வேட்புமனுவில் தன் சமூகத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். இந்து, முஸ்லிம், சீன-மொரிஷியர், பொது மக்கள் என நான்கே பிரிவுகள். வென்றவர்களை அறிவித்த பிறகு, எந்தப் பிரிவுக்கு ஆள் குறைகிறது என்று கணக்குப் போட்டு, தோற்றவர்களிலிருந்து 8 பேர் வரை உள்ளே எடுப்பார்கள். இதற்கு ‘பெஸ்ட் லூசர்’ முறை என்று பெயர். 1966ல், விடுதலைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, தேர்தல் முறையை ஆராய்ந்த பான்வெல் ஆணையத்தின் பரிந்துரைமேல் பேரம் பேசி முடிவு செய்த ஏற்பாடு இது.

இதை மாற்றச் சொல்லியும் மாற்ற முயன்றும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. 2002ல் தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் ஆணையம், 2011ல் பிரெஞ்சு சட்ட அறிஞர் கி கார்க்கசோனின் அறிக்கை, 2014ல் ஒரு தற்காலிகச் சட்டம், 2018ல் ஒரு திருத்த மசோதா. முறை அப்படியே நிற்கிறது. இந்த ஒதுக்கீடு போக வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் அது கடைசியாகப் போக வேண்டும். அது இப்போது செய்துவரும் வேலைகளை வேறு உறுப்புகளிடம் ஒப்படைத்த பிறகே அதில் கை வைக்க வேண்டும். சட்ட வரைவில் ஈடுபடுவோர், கட்சியில் வேட்பாளர் பட்டியல் போடுவோர், தேர்தல் சீர்திருத்தம் கேட்டு இயங்குவோர் எல்லோருக்குமான வழிமுறை இது. கணக்கு மொரிஷியஸுடையது. பல இனங்கள் வாழும் மற்ற நாடுகள் தங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கையால் கணக்குப் போடுங்கள்

ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களிலும் ஆதரிப்பவர்களிலும் பெரும்பாலோர் அதைத் தாளில் போட்டுப் பார்த்ததில்லை. அரைமணி நேர வேலைதான், செய்துவிடுங்கள்.

தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 62. முதன்மைத் தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு 3 பேர். ரொட்ரிகஸ் தீவுக்கு 2 பேர். அடுத்துத் தேவைப்படுவது நான்கு சமூகங்களின் மக்கள்தொகை. இங்கேதான் முதல் சிக்கல். சமூகத்தைக் கேட்டு எடுத்த கடைசிக் கணக்கெடுப்பு 1972ல் நடந்தது. அதன்பின் கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியே இல்லை. 1982ல் அரசமைப்பைத் திருத்தி, 1972ன் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று நிலைப்படுத்திவிட்டார்கள். ஆயிரங்களில் தோராயமாகச் சொன்னால் இந்து 428, பொது மக்கள் 261, முஸ்லிம் 137, சீன-மொரிஷியர் 24.

விதி இது: ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையையும், அது வென்ற இடங்களோடு 1 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். எதற்கு ஈவு அதிகமோ அதற்கு அடுத்த இடம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 62ல் இந்து 40, பொது மக்கள் 15, முஸ்லிம் 6, சீன-மொரிஷியர் 1 என்று முடிவு வந்ததாக வைத்துக்கொள்வோம்.

முதல் சுற்றில் இந்து 428 ÷ 41 = 10.4. பொது மக்கள் 261 ÷ 16 = 16.3. முஸ்லிம் 137 ÷ 7 = 19.6. சீன-மொரிஷியர் 24 ÷ 2 = 12. இடம் முஸ்லிமுக்கு. இரண்டாம் சுற்றில் முஸ்லிம் 137 ÷ 8 = 17.1, இன்னும் முன்னிலை, மறுபடி முஸ்லிமுக்கு. மூன்றாம் சுற்றில் முஸ்லிம் 137 ÷ 9 = 15.2 ஆக இறங்க, 16.3 உள்ள பொது மக்களுக்கு இடம் போகிறது. நான்காம் சுற்றில் பொது மக்கள் 261 ÷ 17 = 15.35, முஸ்லிம் 15.22. மயிரிழையில் பொது மக்களுக்கு.

இந்த நான்காம் சுற்றில் சற்று நில்லுங்கள். முஸ்லிம் மக்கள்தொகை 137 ஆயிரத்துக்குப் பதில் 138.2 ஆயிரமாக இருந்திருந்தால் ஈவு 15.36 ஆகி, இடம் கைமாறியிருக்கும். அதாவது 1,200 பேர் வித்தியாசம் ஒரு நாடாளுமன்ற இடத்தை இங்கிருந்து அங்கே தள்ளுகிறது. அந்த எண்ணோ அரை நூற்றாண்டுக்கு முந்தையது. 2012ல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இவ்வளவு பழைய எண்களை வைத்துக்கொண்டு வேட்பாளரைச் சமூகம் அறிவிக்கக் கட்டாயப்படுத்துவது ஏற்கத்தக்கதல்ல என்று சொன்னதன் பொருள் இந்தக் கணக்கைப் போட்டால்தான் முழுதாக விளங்கும்.

இனி அடுத்த 4 இடங்கள். முதல் நான்கில் எத்தனை இடங்கள் வென்ற கட்சியைச் சேராதவர்களுக்குப் போயினவோ, அத்தனை இடங்களை இரண்டாம் நான்கிலிருந்து வென்ற கட்சியின் தோற்ற வேட்பாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஆட்சிப் பெரும்பான்மை குலையாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆள் யார் என்பதை, தோற்றவர் தன் தொகுதியில் பெற்ற வாக்குச் சதவீதம் தீர்மானிக்கும். கட்சி சாராதவருக்கு இதில் இடமே இல்லை.

அந்த 8 இடங்கள் செய்யும் மூன்று வேலைகள்

சிறுபான்மைக்கு உறுதி என்பது வெளியில் தெரியும் வேலை. ஆட்சிக்கட்சியின் பலத்தைச் சமன் செய்வது இரண்டாவது. மூன்றாவது வேலையைச் சீர்திருத்தம் பேசுபவர்கள் பலரும் கவனிப்பதில்லை: எதிர்க்கட்சி என்று ஒன்று சபையில் இருப்பதே சில தேர்தல்களில் இதன் தயவால்தான்.

1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் முதன்மைத் தீவின் 60 இடங்களையும் ஒரே கூட்டணி அள்ளியது. மூன்று தடவையும் அதன் வாக்கு மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. மீதி வாக்குகளுக்கு முதன்மைத் தீவில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. வென்ற கூட்டணியில் தோற்றவரே இல்லாததால் இரண்டாம் நான்கு இடங்களும் நிரம்பவில்லை. சபை 66 பேரோடு நின்றது. 2024க்குப் பின் எதிர்க்கட்சித் தலைவர் ஆனவரும் தோற்றவர் வரிசையிலிருந்து வந்தவர்தான். மாற்று ஏற்பாடு இல்லாமல் இந்த 8ஐ நீக்கியிருந்தால், அந்தத் தேர்தல்களில் முதன்மைத் தீவிலிருந்து எதிர்க்குரல் எழுப்ப ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்.

ஆகவே உங்கள் முதல் ஆவணம் மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. பழைய முறையின் வேலை, அதை இனிச் செய்யப்போகும் உறுப்பு, அந்த உறுப்பு கடந்த தேர்தல்களில் இருந்திருந்தால் என்ன முடிவு வந்திருக்கும். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் மசோதாவை யாரிடமும் கொண்டுபோகாதீர்கள்.

எழுதாத ஒதுக்கீடு எங்கே இருக்கிறது

சட்டத்தில் எழுதியிருப்பது 8 இடங்கள். எழுதாதவை அதைவிட அதிகம். மூன்று பேர் தொகுதியில் எந்த மூவரை நிறுத்துவது என்று கட்சித் தலைமை உட்காரும்போது, இன்ன தொகுதியில் இன்ன சமூகம் இத்தனை என்ற கணக்கு மேசைமேல் இருக்கும். அந்தக் கணக்கு சட்டத்தின் நான்கு பிரிவோடு நிற்பதில்லை. தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லோரும் சட்டப்படி ‘இந்து’தான். சீட்டுப் பங்கீட்டிலோ அமைச்சர் பதவியிலோ தனித்தனியாக எண்ணப்படுவார்கள். மொரிஷியஸ் தமிழர்களின் மனக்குறையும் பெரும்பாலும் இந்த எழுதாத கணக்கைப் பற்றியதே. 1968 முதல் இன்றுவரை, 2003 முதல் 2005 வரை பிரதமராக இருந்த போல் பெரான்ஜே ஒருவரைத் தவிர, மற்ற எல்லாப் பிரதமர்களும் இந்துக்கள். அப்படி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பிரிவுகளின் உள்ளே மறையும் மக்களும் உண்டு. ‘பொது மக்கள்’ என்பது மற்ற மூன்றிலும் சேராதவர்கள் எல்லோரையும் போட்ட கூடை. பிரெஞ்சு வம்சாவளிச் செல்வந்தரும், அடிமைகளின் வழிவந்த கிரியோல் தொழிலாளியும் அதில் ஒன்று. 1999 பிப்ரவரியில் பாடகர் கயா காவல்துறையின் பிடியில் இறந்தபோது வெடித்த கலவரம், அந்தக் கூடைக்கு வந்த இடங்கள் கிரியோல் குடியிருப்புகளின் வறுமையைத் தொடவில்லை என்பதை நாட்டுக்கே காட்டியது. பிஜியின் பழைய இனவாரித் தேர்தல் முறையிலும் இதே கதை. 1903 முதல் கூலி ஒப்பந்தத்தில் போன தென்னிந்தியர்களும், அதற்கு முன் போன வட இந்தியர்களும் ‘இந்தியர்’ என்ற ஒரே பட்டியலில்.

எழுதாத ஒதுக்கீட்டை அளக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் யாருடைய சமூகத்தையும் கேட்க வேண்டியதில்லை.

ஒன்று, ஒரே கூட்டணியின் மூன்று வேட்பாளர்களுக்கு இடையே உள்ள வாக்கு இடைவெளி. மொரிஷியஸ் வாக்காளர் மூன்று பேருக்கு வாக்களிக்க வேண்டும். மூவரையும் ஒரே கூட்டணியில் தேர்ந்தால் அதை ‘ப்ளாக்’ வாக்கு என்பார்கள். ஆள் பார்த்து இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போடுவது ‘கூப்பே-த்ராஞ்சே’. ஒரு கூட்டணியின் மூவர் 19,400, 18,900, 15,100 என்று வாங்கியிருந்தால், முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடைவெளி 4,300. அது முதலாமவரின் வாக்கில் 22 சதவீதம். கட்சிக்காக வந்த வாக்காளர்களில் பலர் மூன்றாமவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒரு தேர்தலை வைத்து முடிவு கட்டாதீர்கள். அவர் செல்வாக்கு இல்லாத ஆளாகவும் இருக்கலாம். மூன்று தேர்தல்களின் முடிவை அடுக்கிப் பாருங்கள். ஆள் மாறியும் ஒரே வகை வேட்பாளரே கடைசியில் வந்துகொண்டிருந்தால், அங்கே வாக்கு சமூகம் பார்த்து விழுகிறது. இடைவெளி 5 சதவீதத்துக்குள் சுருங்கிய தொகுதிகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒதுக்கீடு இல்லாமல் நாடு தாங்குமா என்பதற்கு இதைவிட நேரான அளவுகோல் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

மற்றொன்று, வெல்லக்கூடிய சீட்டு. ‘எல்லோருக்கும் சீட் கொடுத்தோம்’ என்று கட்சி காட்டும் பட்டியலில், தோற்கும் தொகுதிகளைத் தனியே எடுத்து வையுங்கள். சென்ற தேர்தலில் மூன்றாவதாக வந்து வென்றவருக்கும் நான்காவதாக வந்து தோற்றவருக்கும் இடையே வித்தியாசம் 5 சதவீதப் புள்ளிக்குள் இருந்தால் அது போட்டித் தொகுதி. கட்சி நல்ல வித்தியாசத்தில் வென்றது உறுதித் தொகுதி. புதியவர்கள், பெண்கள், சிறு சமூகத்தவர் இந்த இரண்டு வகையிலும் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுங்கள். தோற்கும் தொகுதியில் கொடுத்த சீட்டைக் கணக்கில் சேர்த்தால் உங்கள் அட்டவணையே பொய் சொல்லும்.

எல்லையும் ஒரு மறைமுக ஒதுக்கீடுதான். தலைநகர் போர்ட் லூயியின் 3ஆம் தொகுதியில் வாக்காளர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். தெற்கே 14ஆம் தொகுதியில் அறுபதாயிரத்துக்கு மேல். இரண்டுக்கும் மூன்றே இடங்கள். முஸ்லிம்கள் செறிந்த சிறிய தொகுதியை அப்படியே விட்டுவைத்திருப்பதற்கும் 8 இடங்களின் நோக்கத்துக்கும் உறவு உண்டு. நாட்டின் சராசரி தொகுதிக்கு 48,000ஐ ஒட்டி வருகிறது. 20 சதவீதம் கூடக்குறைய அனுமதித்தால், 38,400 முதல் 57,600 வரை ஒரு தொகுதி இருக்கலாம். அப்படி வரைந்தால் 3ஆம் தொகுதி பக்கத்துத் தொகுதியோடு சேரும். அங்குள்ள மக்கள் எதையோ இழந்ததாக உணர்வார்கள். அதனால் எல்லை மாற்றத்தையும் புதிய இடப் பங்கீட்டையும் ஒரே தேர்தலில் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். எல்லையை முதலில் மாற்றிவிட்டு ‘மற்றது பிறகு’ என்றால் நம்பிக்கை போய்விடும். எல்லை ஆணையத்தின் பரிந்துரையைச் சபை ஏற்கலாம், தள்ளலாம், திருத்த முடியாது. இந்த விதி நல்ல விதி, இதைத் தொடாதீர்கள்.

மாற்று உறுப்பு: விகிதாசார இடங்கள்

இங்கேதான் பெரும்பாலான வரைவுகள் கவிழ்கின்றன. வாக்கு விகிதத்தைப் பார்த்துக் கட்சிகளுக்கு இடம் தரும் ‘விகிதாசாரம் சேர்ப்போம்’ என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். எத்தனை இடங்கள், எந்த வாய்ப்பாடு என்று கேட்டால் கூட்டம் கலையும். ஆனால் விளைவு முழுவதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

எளிய எண்களில் பார்ப்போம். கூட்டணி ‘அ’ 62 சதவீதம் வாங்கி 60 இடங்களையும் வென்றது. கூட்டணி ‘ஆ’ 28 சதவீதம் வாங்கி ஓர் இடமும் பெறவில்லை. மீதி 10 சதவீதம், விகிதாசார இடம் பெறத் தேவையான குறைந்தபட்ச வாக்கு வரம்பைத் தாண்டாத சிறு கட்சிகளுக்கு. ரொட்ரிகஸின் 2 இடங்களைத் தனியே வைத்துவிடுங்கள்.

இணை வாய்ப்பாட்டில், 30 விகிதாசார இடங்களை வாக்கு விகிதப்படி அப்படியே பிரிப்போம். ‘அ’வுக்கு 21, ‘ஆ’வுக்கு 9. முடிவு 81-9. வென்றவருக்கு இன்னும் வலு.

ஈடுகட்டும் வாய்ப்பாட்டில், மொத்தம் 90 இடங்களில் யாருக்கு எவ்வளவு உரியது என்று முதலில் பார்ப்போம். ‘அ’வுக்கு 62, ‘ஆ’வுக்கு 28. ‘அ’ ஏற்கெனவே 60 வைத்திருப்பதால் அதற்கு 2 மட்டும், ‘ஆ’வுக்கு 28. முடிவு 62-28. ஆட்சி உறுதியாக இருக்கிறது, எதிர்க்கட்சி உயிரோடு இருக்கிறது.

30க்குப் பதில் 8 இடங்களை மட்டும் ஈடுகட்ட வைத்தால்? ‘அ’ தனக்குரியதைவிட ஏற்கெனவே அதிகம் வைத்திருப்பதால் 8ம் ‘ஆ’வுக்குப் போகும். 60-8. எதிர்க்கட்சி சபையில் உண்டு, ஆனால் குழுக்களில் ஆள் வைக்கக்கூடப் போதாது. சாக்ஸ் ஆணையம் 62க்கு மேல் 30 ஈடுகட்டும் இடங்களும் 10 சதவீத வரம்பும் கேட்டதற்கு இந்தக் கணக்கே நியாயம் சொல்கிறது. அந்த ஆணையமும் 8 இடங்களை உடனே நீக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வரம்பை எவ்வளவு வைப்பது? 10 சதவீதம் என்றால் ஒரு சமூகத்தை மட்டும் நம்பிய சிறு கட்சி தனியாக உள்ளே வருவது கடினம். பெரிய கூட்டணிக்குள் போய்த்தான் பேச வேண்டும். 3 சதவீதம் என்றால் சமூகத்துக்கு ஒரு கட்சி முளைக்கும். ஒதுக்கீட்டை நீக்கிய நாட்டில் 3 சதவீத வரம்பு ஒதுக்கீட்டைக் கொல்லைப்புறம் வழியாகத் திரும்பக் கூட்டிவரும். அதேவேளை 10 சதவீதத்தில் சமூக அடையாளமே இல்லாத புதிய கட்சியும் அடிபடும். எங்கள் தேர்வு 7 அல்லது 8 சதவீதம். இது கருத்து, உங்கள் நாட்டின் கடந்த மூன்று தேர்தல்களில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒரு நுணுக்கம், இதை விட்டால் வரம்பே கோணலாகும். வாக்காளருக்கு மூன்று வாக்குகள் இருப்பதால், தொகுதிக்கு ஒரே வேட்பாளரை நிறுத்தும் சிறு கட்சியின் ‘சதவீதம்’ மொத்த வாக்கில் மூன்றில் ஒரு பங்காகத்தான் தெரியும். உண்மையில் 9 சதவீத மக்கள் ஆதரித்த கட்சி 3 சதவீதமாகக் காட்சி தரும். இரண்டு தீர்வுகள்: கட்சிக்கென்று தனி வாக்குச்சீட்டு, அல்லது வாக்குகளை வேட்பாளர் எண்ணிக்கைக்கு ஏற்பச் சராசரியாக்குவது. தனி வாக்குச்சீட்டே சுத்தமான வழி. எண்ணும் மேசைகளும் முகவர்களும் கூடுதலாக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த வகை ஏற்பாட்டுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. ரொட்ரிகஸ் பிராந்தியச் சபை 2002ல் தொடங்கியபோதே 6 உள்ளூர்ப் பகுதிகளிலிருந்து 12 பேரும் விகிதாசாரத்தில் 6 பேரும் என்று 18 இடங்களோடு வந்தது. 2012 தேர்தலில் வாய்ப்பாட்டின் விளைவாக மொத்த இடம் 18ஐத் தாண்டி வீங்கியது, பிறகு சட்டத்தைத் திருத்த வேண்டிவந்தது. ஆகவே உங்கள் வரைவில் ‘சபையின் மொத்த எண்ணிக்கை இதற்கு மேல் போகாது’ என்ற உச்சவரம்பை முதல் நாளே எழுதுங்கள். மிஞ்சினால் யாருடைய இடம் குறையும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

விகிதாசாரப் பட்டியலில் பெயர் வரிசை கட்சியின் கையில் இருக்கும். அங்கே இரண்டு கட்டுப்பாடுகள் போதும். அடுத்தடுத்த எந்த மூன்று பெயர்களிலும் ஒரே பாலினத்தவர் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. முதல் பத்துப் பெயர்களில் ஒரே மாவட்டத்தவர் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. பாலினக் கட்டுப்பாடு மொரிஷியஸுக்குப் புதிதல்ல. 2012 உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பாலினம் கூடாது என்ற விதி வந்ததும் பெண் உறுப்பினர் எண்ணிக்கை ஒரே பாய்ச்சலில் ஏறியது. மாவட்ட விதி இனத்தைப் பெயர் சொல்லாமலே பட்டியலைப் பரப்பும். பட்டியலை வேட்புமனு நாளிலேயே வெளியிட வேண்டும், பிறகு மாற்றக்கூடாது. தேர்தலுக்குப் பின் வரிசையை மாற்ற விட்டால், அங்கே மறுபடியும் சமூகப் பேரம் நடக்கும்.

பிஜியில் நடந்தது

ஒதுக்கீட்டை ஒரேயடியாக வெட்டிய நாடு பிஜி. 1997 அரசமைப்பில் 71 இடங்களில் 46 இனவாரி இடங்கள்; பிஜியருக்கு 23, இந்தியருக்கு 19, மற்றவர்களுக்கு 4. திறந்த இடங்கள் 25தான். 2006 தேர்தலில் 23 பிஜிய இடங்களையும் ஒரு கட்சி, 19 இந்திய இடங்களையும் இன்னொரு கட்சி வென்றன. தனக்குள் மட்டுமே வாக்குக் கேட்டால் போதும் என்ற நிலையில், மற்றவரோடு இணங்கிப் பேசியவர் தன் கூட்டத்துக்குள்ளேயே தோற்றார். அந்த ஆண்டு டிசம்பரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது.

2013 அரசமைப்பு இனவாரி இடங்களை முழுக்க நீக்கியது. நாடே ஒரு தொகுதி, 50 இடங்கள், 5 சதவீத வரம்பு. இனம் சட்டத்திலிருந்து போனது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் கூடவே மூன்று கோளாறுகள் வந்தன. தொகுதி இல்லாததால் ‘எங்கள் ஊர் உறுப்பினர்’ என்று கேட்க ஆள் இல்லாமல் போனது. வாக்குச்சீட்டில் பெயரோ சின்னமோ இல்லாமல் வெறும் எண்கள். 2014ல் 248 வேட்பாளர் எண்களில் ஒன்றைத் தேடி வட்டமிட வேண்டும். பிரதமர் பைனிமராமா ஒருவரே 2 லட்சத்துக்கும் மேல், மொத்த வாக்கில் சுமார் 40 சதவீதம் வாங்கினார். அந்த வாக்கின் தோளில் ஏறி, தனக்கென்று ஆயிரம் வாக்குகூட இல்லாதவர்கள் உறுப்பினர் ஆனார்கள். இனத் தலைமைக்குப் பதில் ஒற்றைத் தலைமை. தொகுதிகளை வைத்துக்கொண்டு அதன்மேல் விகிதாசாரம் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

நான்காவது கோளாறு வழிமுறையில். கென்யச் சட்ட அறிஞர் யாஷ் காய் தலைமையிலான அரசமைப்பு ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டுத் தயாரித்த வரைவை அரசு ஒதுக்கிவிட்டுத் தன் வரைவைச் சட்டமாக்கியது. உள்ளடக்கத்தில் நல்லது இருந்தும், ‘எங்களைக் கேட்காமல் செய்தது’ என்ற வடு பிஜிய அரசியலில் இன்னும் ஆறவில்லை.

சட்டத்தை மாற்றும் வரிசை

மொரிஷியஸில் இதற்கு நாடாளுமன்றத்தின் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். 70 பேர் சபையில் 53. 66 பேர் சபையில் 50. 2018 மசோதா இந்த எண்ணிக்கை சேராமல்தான் நின்றது. 2024ல் வென்ற கூட்டணியிடம் 60 இருந்தது. எதிர்க்கட்சியைக் கேட்காமலே நிறைவேற்ற முடியும். அந்த வசதிதான் ஆபத்து. ஒரு பக்கம் மட்டும் வாக்களித்து நீக்கிய ஒதுக்கீட்டை அடுத்த பெரும்பான்மை திரும்பக் கொண்டுவரும். எதிர்க்கட்சியினரில் ஒரு பகுதியாவது ஆதரித்தால்தான் மசோதாவை வாக்கெடுப்புக்கு விடுவது என்று பகிரங்கமாக முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

மாற்ற வேண்டியவை: அரசமைப்பின் முதல் அட்டவணை, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்புமனுப் படிவம். மூன்றையும் ஒரே கட்டாகக் கொண்டுவாருங்கள். அட்டவணையைத் திருத்திப் படிவத்தை மறந்தால், வேட்புமனு நாளன்று தேர்தல் அதிகாரி பழைய படிவத்தை வைத்துக்கொண்டு மனுக்களைத் தள்ளுவார்.

சமூகம் அறிவிக்கும் வரியை இரண்டு கட்டமாக எடுங்கள். முதல் தேர்தலில் அது விருப்பத்துக்கு உரியது. எழுதாதவரின் மனு செல்லும், ஆனால் 8 இடங்களுக்கு அவரைக் கருத மாட்டார்கள். 2014 தற்காலிகச் சட்டம் இதைத்தான் செய்தது. அந்த ஒரு தேர்தலோடு காலாவதியானது. இப்போது அதைத் தலைகீழாக எழுத வேண்டும்: விருப்பம் நிரந்தரம், 8 இடங்கள் தற்காலிகம். முதல் தேர்தலில் 30 விகிதாசார இடங்களும் 8 இடங்களும் சேர்ந்தே இருக்கட்டும். விகிதாசாரத்தை முதலில் நிரப்புங்கள், அதன்பிறகே 8க்கான கணக்கு. இரண்டாம் தேர்தலில் 8 தானாகவே இல்லாமல் போகும். நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி நான்கில் மூன்று பங்கு வேண்டும். ‘மறுபரிசீலனை செய்வோம்’ என்று மட்டும் எழுதினால் அந்த நாள் வரவே வராது.

இந்த வரி இருக்கும்வரை இன்னொரு அவலமும் தொடரும். ஒருவர் அறிவித்த சமூகம் பொய் என்று வாக்காளர் நீதிமன்றம் போகலாம். நீதிபதி அவருடைய ‘வாழ்க்கை முறையை’ வைத்து அவர் யார் என்று தீர்மானிக்க வேண்டும். ஒரு குடிமகனின் சாப்பாடும் வழிபாடும் திருமணமும் சாட்சியமாகும் இந்த ஏற்பாட்டை, கலப்பு மணம் செய்த குடும்பத்தில் பிறந்த எந்த இளைஞருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

அரசியல் ஒதுக்கீட்டைத் தொடும் முன் வேலைவாய்ப்பில் பாகுபாடு பற்றிய புகார்களைக் கேட்க அமைப்பு வேண்டும். மொரிஷியஸில் 2008ல் சம வாய்ப்புச் சட்டம் வந்தது, ஆணையம் 2012ல் செயல்படத் தொடங்கியது. நம் ஆள் சபையில் இல்லாவிட்டால் பிள்ளைக்கு அரசு வேலை கிடைக்காது என்று நம்பும் குடும்பம் எந்த விகிதாசாரக் கணக்கையும் காதில் வாங்காது. ஆணையத்தின் முடிவுகள் வெளியாவதும், அரசுப் பணி நியமன மதிப்பெண்கள் வெளியாவதும் அந்தக் குடும்பத்துக்கு 8 இடங்களைவிட நேரடிப் பயன் தரும்.

மலாயாவில் (இன்றைய தீபகற்ப மலேசியா) 1955ல் சட்ட ஒதுக்கீடு எதுவும் இல்லாமலே மூன்று இனக் கட்சிகளின் கூட்டணி 52ல் 51 இடங்களை வென்றது. மலாய்க்காரர்களின் அம்னோ 34, சீனர்களின் மசீச 15, இந்தியர்களின் மஇகா 2. வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்களாக இருந்தும் சீன, இந்திய வேட்பாளர்களை அவர்கள் வெல்ல வைத்தார்கள். வாக்காளர் தயாராக இருப்பார் என்பதற்கு அது சான்று. பிறகு அந்தப் பங்கீடே கட்சிகளுக்கிடையில் உறைந்துபோய் இன்ன இனத்துக்கு இன்ன தொகுதி என்றானது. அதனால் மொரிஷியஸிலும் கூட்டணி ஒப்பந்தங்களைத் தேர்தல் ஆணையத்திடம் தாக்கல் செய்ய வைக்கும் விதி ஒன்று வேண்டும்.

தேர்தல் முடிந்த பின் செய்ய வேண்டியது

30 நாட்களுக்குள் மூன்று அட்டவணைகளைத் தேர்தல் ஆணையம் வெளியிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுங்கள்: தொகுதிவாரியாக மூன்று வேட்பாளர் இடைவெளி, கட்சிவாரியாக வெல்லக்கூடிய சீட்டுகளின் பங்கீடு, பழைய முறைப்படி கணக்கிட்டிருந்தால் யார் யாருக்கு 8 இடம் போயிருக்கும் என்ற நிழல் கணக்கு. மூன்றாவது அட்டவணையைப் பெயரில்லாமல், சமூகத்துக்கு எத்தனை என்று மட்டும் வெளியிடுவது போதும். அறிவிப்பு விருப்பத்துக்கு உரியதாகிவிட்டபின் இந்த நிழல் கணக்கு முழுமையாக இராது. எத்தனை பேர் அறிவிக்கவில்லை என்ற எண்ணையும் அதே பக்கத்தில் போடுங்கள். அந்த எண் தேர்தலுக்குத் தேர்தல் ஏறிக்கொண்டே போனால், வேட்பாளர்களே அந்த வரியைக் கைவிடுகிறார்கள் என்று அர்த்தம். ஏறாமல் நின்றால் எந்தெந்தத் தொகுதிகளில் நிற்கிறது என்று பார்த்து, அந்தத் தொகுதிகளின் சீட்டுப் பங்கீட்டையும் இடைவெளியையும் மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு கட்சிகளோடு பேச உட்காருங்கள்.